வெள்ளம் வடிந்த பிறகு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரிக் கூட்டத்தில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த வாத்தியார் எப்படித் திட்டினார், கான்டீன் கணக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு இன்னும் தலையில் முடி இருக்கிறது. அதையெல்லாம் மாலையில் மரத்தடியில் பேசிக்கொள்ளலாம். எனக்குக் கொடுத்திருக்கும் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு நகரத்தில் பெரிய வெள்ளம் வந்து வடிந்த பிறகு, "இந்த ஊர் மீண்டு விட்டது" என்று எப்போது சொல்லலாம்?

பஸ் ஓட ஆரம்பித்ததும் சொல்லலாமா? கரண்டு வந்ததும்? சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததும்? நான் சிவில் படித்துவிட்டு நீர், வடிகால் சம்பந்தப்பட்ட வேலைகளிலேயே காலத்தை ஓட்டியவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: இவை எதுவும் மீட்சி அல்ல. ஏன் என்பதைச் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

2015 வெள்ளம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இங்கே இருக்கும் மாணவர்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். "லீவு விட்டாங்க" என்பதுதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதனால் சில எண்களைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை. 1918 நவம்பரில் 1,088 பெய்ததற்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் வரவில்லை. ஏரிகள் நிரம்பி, மண் ஊறி, இனி ஒரு சொட்டையும் பூமி குடிக்காது என்கிற நிலையில் டிசம்பர் 1-ஆம் தேதி மழை பிடித்தது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர்.

சென்டிமீட்டர் என்றால் மனதில் பதியாது. ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதன் மேல் 49 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர். கோடைக்காலத்தில் நாம் காத்துக் கிடக்கிறோமே, 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதில் ஒன்பது லாரி. ஒரே நாளில், ஒரே மனையில். பக்கத்து மனையிலும் ஒன்பது. தெரு முழுக்க அப்படியே.

இதோடு ஆறும் சேர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேலே; ஆக, ஒவ்வொரு நொடிக்கும் 68 தண்ணி லாரி. அது திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. அடையாற்றில் அது மட்டுமா வந்தது? ஆதனூர், மணிமங்கலம் என்று மேலே இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிந்ததும், கரையோர ஊர்களில் பெய்ததும் எல்லாம் அதே ஆற்றில்தான். சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள சின்ன ஆறு. அந்த ராத்திரி அது தனக்கு வேண்டிய அகலத்தைத் தானே எடுத்துக்கொண்டது. விமான நிலையம் முழுகி, டிசம்பர் 6 வரை மூடிக் கிடந்தது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின.

பிற்பாடு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது இதை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே சொல்லிற்று. ஏரித் தண்ணீரைத் திறந்த விதம் பற்றி விவாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த விவாதத்தில் மறந்துபோகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி. மழைக்காலத்தில் அதை நிரப்பி வைக்காவிட்டால் கோடையில் நாம் திட்டுவோம். நிரப்பி வைத்துவிட்டு வெள்ளத்துக்கு இடம் விடாவிட்டால் டிசம்பரில் திட்டுவோம். ஒரே பானையில் அரிசியும் நிறைய இருக்க வேண்டும், இடமும் நிறைய இருக்க வேண்டும் என்று கேட்பது போலத்தான் இது. மதகுக்குப் பக்கத்தில் நிற்கிற பொறியாளரின் தலையில் மட்டும் கட்டி முடிக்கிற பிரச்னை அல்ல.

சரி, மீட்சிக்கு வருவோம். முதல் பத்து நாள் சென்னை நடந்துகொண்ட விதத்துக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். கோயில், மசூதி, சர்ச், கல்யாண மண்டபம் எல்லாம் கதவைத் திறந்தன. நம் கல்லூரி ஹாலில் தங்கியிருந்தவர்களுக்கு நம் மாணவர்கள் சமைத்துப் போட்டார்கள். எஞ்சினியரிங்கில் அரியர் வைத்தவர்கள் எல்லாம் உப்புமாவில் டிஸ்டிங்ஷன் வாங்கினார்கள் என்று முதல்வர் என்னிடம் சொன்னார். பிற மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாகத் துப்புரவுப் பணியாளர்கள் வந்து, நாம் வாசலில் கொண்டுவந்து போட்ட ஊறிய மெத்தையையும் அழுகிய அரிசியையும் வெறும் கையால் அள்ளினார்கள். ஊர் நாறாமல் இருந்ததற்கும், கொள்ளைநோய் பரவாமல் இருந்ததற்கும் முதல் காரணம் அவர்கள். அவர்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாயும் அரிசியும் கொடுத்தது. ரேஷன் கார்டு, பட்டா, மதிப்பெண் சான்றிதழ் நனைந்து போனவர்களுக்கு முகாம் போட்டு நகல் கொடுத்தார்கள். நல்ல காரியம்.

பொங்கல் வந்தபோது "சென்னை மீண்டெழுந்தது" என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுகிற ஒருவர் இருக்கிறார். அவருடைய வண்டி போயிற்று, பெட்டி போயிற்று. அது கூடப் பரவாயில்லை. மூட்டை கட்டி வைத்திருந்த மற்றவர்கள் துணியும் போயிற்று. "பட்டுப் புடவை சார், எப்படி இல்லைன்னு சொல்றது?" என்று வட்டிக்கு வாங்கிச் சிலருக்குப் பணம் கொடுத்தார். அந்த வட்டி தீர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய வெள்ளம் 2018-ல்தான் வடிந்தது. எங்கள் தெருவில் மாடி வீட்டுக்காரருக்கு மூன்றே நாளில் வடிந்தது.

இதுதான் நான் சொல்ல வந்த முதல் விஷயம். வெள்ளம் எல்லோர் வீட்டுக்கும் ஒரே உயரத்தில் வரலாம். வடிகிற வேகம் ஆளுக்கு ஆள் வேறு. சேமிப்பு இருப்பவர், இன்ஷூரன்ஸ் இருப்பவர், மாதச் சம்பளக்காரர் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். தினக்கூலிக்காரர் எழுவதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. ஊரின் சராசரியைப் பார்த்தால் இது தெரியாது. கடைசி ஆள் எப்போது எழுந்தார் என்று பார்த்தால்தான் தெரியும்.

அடையாற்றுக் கரையில் இருந்த குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கிருந்து எடுத்துப் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைத்தார்கள். ஆற்றுக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது சரி. கூரை கிடைத்தது, கழிப்பறை கிடைத்தது, அதுவும் சரி. ஆனால் வீட்டு வேலை செய்த அம்மாவுக்கு வேலை சைதாப்பேட்டையில், வீடு பெரும்பாக்கத்தில். விடியற்காலை பஸ் பிடித்தால்தான் பாத்திரம் தேய்க்க முடியும். பிள்ளைக்கு நடுவருஷத்தில் பள்ளிக்கூடம் மாறிற்று. இதற்கு மேல் இன்னொன்று. பெரும்பாக்கமே தாழ்ந்த நிலம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஒருவரைத் தண்ணீர் தேங்கும் இன்னொரு இடத்துக்கு மாற்றுவதை மீட்சி என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

இரண்டாவது விஷயம், மறதி. 2015-ல் தண்ணீரைத் தள்ளிக் கடலில் விட்டால் போதும் என்று தவித்த அதே ஊர், 2019 ஜூனில் தண்ணீருக்குத் தவித்தது. நாலு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து சேர்ந்தது. அதற்கு மாலை போட்டு வரவேற்பு. சற்று முன் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 25 லட்சம் லிட்டர் என்றால், 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் வெறும் 23 கிரவுண்டு மனையின் மேல் பெய்த மழை. அவ்வளவுதான். அதை ரயிலில் கொண்டுவந்தோம்.

பிறகு 2021 நவம்பரில் மறுபடி வெள்ளம். ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் அவர்கள் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் ஆலோசனைப்படி தெருத் தெருவாகப் பள்ளம் தோண்டி வடிகால் கட்டினார்கள். நாமும் பள்ளத்தில் விழாமல் நடக்கக் கற்றுக்கொண்டோம். பலன் இல்லாமல் இல்லை. தியாகராய நகர் போன்ற இடங்களில் அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிற்று. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் மறுபடியும் படகு ஓடியது. "நாலாயிரம் கோடி என்னாச்சு?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்க வேண்டும்: வடிகால் தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும்?

வடிகால் என்பது ஒரு குழாய் மாதிரி. அதன் வாய் ஆற்றிலோ கால்வாயிலோ திறக்கிறது. ஆற்றின் மட்டம் அந்த வாயை விட உயர்ந்துவிட்டால் தண்ணீர் வெளியே போகாது. திரும்பி உள்ளே வரும். சென்னை சராசரியாகக் கடல் மட்டத்துக்கு ஆறேழு மீட்டர்தான் உயரம். சரிவே இல்லாத ஊர். புயல் சமயத்தில் கடலும் பொங்கி நின்றால் ஆற்று முகத்துவாரமே தண்ணீரை வாங்காது. அப்போது தண்ணீர் எங்கேயாவது சில நாள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருக்கும் இடம்தான் ஏரி, குளம், சதுப்பு நிலம். நம் முன்னோர்கள் ஏரிகளைச் சங்கிலி மாதிரி வெட்டி, ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகிற மாதிரி வைத்ததற்கு விவசாயம் ஒரு காரணம். வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்ததும் அதே ஏற்பாடுதான்.

அந்தக் காத்திருக்கும் அறையை நாம் பிளாட் போட்டு விற்றுவிட்டோம். இது நேற்று நடந்ததும் அல்ல. தியாகராய நகர் 1920-களில் உருவானதே மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்று ஒரு பேட்டை. எழும்பூரில் ஸ்பர் டேங்க் ரோடு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. லேக் வியூ ரோட்டில் நின்றுகொண்டு எந்த லேக்கை வியூ பண்ணுவது? மழை பெய்தால் மட்டும் வியூ கிடைக்கும்! வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி வீடும் சாலையும் ஆகிவிட்டது. பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். தென் சென்னையின் தண்ணீரையெல்லாம் வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கும் அங்கிருந்து முட்டுக்காட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த பள்ளிக்கரணை, குப்பைக்கும் கட்டடத்துக்கும் போனது போக மிச்சம்தான் இருக்கிறது. அந்த மிச்சம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது ஒரு ஆறுதல்.

இன்னொரு எண் சொல்கிறேன். 1976 நவம்பர் 25-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை. 2015-ன் அந்தப் பெருமழை நாளில் அதே நுங்கம்பாக்கத்தில் 29. ஆக, வானம் நமக்குப் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பருவநிலை மாறுவதால் இனி இப்படிப்பட்ட மழை அடிக்கடி வரும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மழை மாறுவதற்கு முன்பே நிலத்தை நாம் மாற்றிவிட்டோம்.

"சரி சார், எல்லா ஊரும் இப்படித்தானே? உருப்பட்ட ஊர் ஒன்று உண்டா?" என்று கேட்பீர்கள். முழுக்க உருப்பட்ட ஊர் எதுவும் இல்லை. ஆனால் சூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குஜராத்தில் தபதி நதிக்கரையில் இருக்கிற வியாபார நகரம். 1994 செப்டம்பரில் வெள்ளம் வடிந்த பிற்பாடு அங்கே பிளேக் பயம் வந்து, லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அடுத்த வருஷம் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் குப்பை, சாக்கடை விஷயத்தில் ஊரையே தலைகீழாக மாற்றினார். சுத்தமான நகரம் என்று பெயர் வாங்கிற்று. இருந்தும் 2006 ஆகஸ்டில் மேலே உள்ள உகாய் அணையிலிருந்து நொடிக்குச் சுமார் 9 லட்சம் கன அடி வந்து, நகரத்தின் முக்கால் பாகம் முழுகியது. சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது என்று அப்போது தெரிந்தது.

அதன் பிறகு அவர்கள் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். அணையைப் பார்க்கிற துறையும், நகரத்தைப் பார்க்கிற மாநகராட்சியும், வணிகர் சங்கமும், உள்ளூர் கல்விக்கூடமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. மேலே எங்கே எவ்வளவு மழை, அணைக்கு எப்போது எவ்வளவு வரும், திறந்தால் ஊரில் எந்தப் பேட்டையில் எத்தனை அடி நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எச்சரிக்கிற ஏற்பாடு செய்தார்கள். வியாபாரிகள் ஏன் வந்தார்கள்? தறியும் துணியும் தண்ணீரில் போனது அவர்களுடையது. நஷ்டப்பட்டவர்கள் மேஜைக்கு வந்தால் பேச்சு சீக்கிரம் முடிகிறது. சென்னைக்கும் 2019-ல் கடலோர வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஒன்றை மத்திய அரசு விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். கருவி வந்துவிட்டது. அது சொல்வதைத் தெருவில் இருக்கிற மனிதன் புரிந்துகொண்டு ஏதாவது செய்வானா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் நாம் வருகிறோம். "சர்க்கார் செய்ய வேண்டியது, நாம என்ன பண்ண முடியும்?" என்று நினைக்காதீர்கள். ஏரியை மீட்பதும் ஆற்றை அகலப்படுத்துவதும் அரசின் வேலைதான். அதை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் விடாமல் கேளுங்கள். அது போக, நம் கைக்கு எட்டுகிற காரியங்கள் சில இருக்கின்றன.

ஒன்று, உங்கள் வீட்டு வாசற்படியின் உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டின் விலை சதுர அடிக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிகிறது. உயரம் யாருக்கும் தெரிவதில்லை. வீடு வாங்கப் போனால் வாஸ்து கேட்பது உங்கள் இஷ்டம். கூடவே "2015-ல் இங்கே எவ்வளவு தண்ணி நின்னுது?" என்று தரகரிடம் கேட்காமல் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள்.

இரண்டு, தரைமட்டத்தில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மீட்டர் போர்டு, ஜெனரேட்டர், லிப்ட் மோட்டார், சம்ப். கீழ்த்தளத்தில் ஜெனரேட்டரை வைத்தால், எப்போது அது தேவையோ அப்போது அது தண்ணீருக்குள் இருக்கும். சம்ப்பின் வாயை ஓரடி, இரண்டடி உயர்த்தினால் சாக்கடை கலப்பது குறையும். பத்திரங்களை பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். அப்படியே உங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ராத்திரி எங்கே படுக்கிறார் என்றும் பாருங்கள். பேஸ்மெண்டில் படுக்கிறார் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் தெருத் தண்ணீர் போகிற வழியே நடந்து பாருங்கள். வடிகால் எங்கே போய்க் கால்வாயில் சேர்கிறது, நடுவில் யார் அடைத்திருக்கிறார்கள் என்று தெரியும். சில சமயம் அடைத்தது நம் அபார்ட்மெண்டாகவே இருக்கும்.

நான்கு, தெருச் சங்கத்தில் பிள்ளையார் சதுர்த்திக்கு வசூல் செய்வது போல மழைக்கும் ஒரு நிதி வையுங்கள். வெள்ளம் வந்தால் இஸ்திரிக்காரருக்கும், பூக்காரம்மாவுக்கும், இட்லிக் கடைக்காரருக்கும் வட்டியில்லாமல் பத்தாயிரமோ இருபதாயிரமோ கைமாற்றுக் கொடுக்க அது உதவும். எங்கள் தெருவில் 2018-க்குப் பிறகு இதை ஆரம்பித்தோம். 2023-ல் நாலு பேருக்குக் கொடுத்தோம். நாலு பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தொகையை ஒரு நல்ல ஓட்டலில் ஒரு பேட்ச் டின்னருக்கு நாம் செலவு செய்கிறோம்.

கடைசியாக, நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். சர்வே பிராக்டிகல் என்று டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கல்லூரி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தோம். எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் அளந்தார்கள், பின்னால் வந்தவர்களும் அளந்தார்கள். இந்த மைதானத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் அங்குலம் அங்குலமாக நமக்குத் தெரியும். ஆனால் கேட்டுக்கு வெளியே இருக்கிற தெருவில் 2015-ல் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று ஒரு நோட்டில் கூட இல்லை. சுவரில் இருந்த கறை சுண்ணாம்பில் மறைந்துவிட்டது. ஞாபகம் இருக்கிறவர்களுக்கு வயதாகிறது. வாடகை வீட்டுக்காரர்கள் இடம் மாறுகிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் கேட்டாலும் சொல்ல ஆள் இருக்காது.

அதனால் இந்த வருஷமே சர்வே பிராக்டிகலைத் தெருவுக்கு மாற்றுங்கள் என்று முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். மாணவர்கள் வீடு வீடாகப் போய், "2015-ல் எவ்வளவு? 2021-ல்? 2023-ல்?" என்று கேட்டு, காட்டிய இடத்தை லெவல் வைத்து அளந்து, கடல் மட்டத்தோடு ஒப்பிட்டு எழுதட்டும். பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடை, மின்கம்பம் போன்ற பொது இடங்களில் அனுமதி வாங்கி, அழியாத எனாமல் தகட்டில் ஒரு கோடும் வருஷமும் போடட்டும். பதிவேடு நம் நூலகத்தில் இருக்கட்டும். மாநகராட்சிக்கும் ஒரு பிரதி போகட்டும். தகட்டுச் செலவு நம் சங்கத்துடையது. எங்கள் பேட்ச் முதல் நூறு தகட்டுக்குப் பொறுப்பேற்கிறது. இங்கே இருக்கிற மற்ற பேட்ச்காரர்கள் ரோஷமுள்ளவர்கள் என்று எனக்குத் தெரியும்!

"ஒரு கோடு போட்டா வெள்ளம் நின்னுடுமா சார்?" என்று ஒரு மாணவர் காலையில் என்னிடம் கேட்டார். நிற்காது தம்பி. ஆனால் அந்தக் கோடு இருக்கிற தெருவில் ஜெனரேட்டரை யாரும் கோட்டுக்குக் கீழே வைக்க மாட்டார்கள். கோட்டுக்குக் கீழே படுக்கையறை கட்டினால் பிளான் போடுகிறவருக்கே கை நடுங்கும். வீடு பார்க்க வருகிறவர் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார். "ஆறடி வரும்" என்று எச்சரிக்கை வந்தால், ஆறடி என்பது தன் வீட்டில் எது வரைக்கும் என்று பாட்டிக்குக் கூடத் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஆறே வீட்டுக்குள் வந்துவிட்டுப் போன பிறகும் நாம் அளக்காமல் இருக்கிறோம்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதிலைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த பெருமழை வரும்போது, போன தடவை முழுகிய அதே வீட்டில், அதே ஆளுக்கு, அதே நஷ்டம் வராமல் இருந்தால், அன்றைக்குச் சொல்லலாம் ஊர் மீண்டுவிட்டது என்று. அதுவரைக்கும் நாம் வடிந்த இடத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர்கள் லெவலோடு மெயின் கேட்டில் நிற்பார்கள் என்று துறைத் தலைவர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். சென்னையில் இருக்கிற முன்னாள் மாணவர்கள் வந்தால் ஸ்டாப் பிடிக்க ஆள் கிடைக்கும். தொப்பி கொண்டு வாருங்கள். வெயில் பலமாக இருக்கும்.